அக்காவிடம் யாரும் கேட்காத கேள்வி

1

போன சனிக்கிழமை, கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டுக்கொண்டு ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஊரில் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். திருவண்ணாமலையில் யாராவது இப்படிக் கதவைத் தட்டிக் கேட்டால், வெயிலில் அலைந்ததில் ஏதோ ஆகிவிட்டது என்று உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். வின்னிபெக்கில் இது ஒரு வேலை. ஏதோ ஒரு பல்கலைக்கழகம் ஆள் வைத்து இதைக் கேட்டு வாங்குகிறது. எத்தனை பேருக்கு நம்பிக்கை இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை என்று பிறகு கணக்குப் போட்டுப் புத்தகமாக வெளியிடுவார்களாம்.

மார்ச் மாதம். பாதி உருகிய பனி தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது. அந்தப் பெண் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், இருபது வயது இருக்கும். என்னை மிஸ்டர் முனுசாமி என்றாள். முனுசாமி என் அப்பா. நான் ஏழுமலை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் போய் விழுந்ததிலிருந்து இந்த நாட்டில் எல்லோரும் என்னை அப்பாவாகவே ஆக்கிவிட்டார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

"ஆர் யூ எ பிராக்டிசிங் ஹிண்டு?" என்பதுதான் முதல் கேள்வி. பிராக்டிஸ் என்றால் எனக்கு வக்கீலும் டாக்டரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடமாகியும் அப்படித்தான். "இல்லையம்மா, நான் கம்பெனியில் ஜன்னல் வரைகிறேன்" என்றேன். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வரைபடம் போடுவது என் வேலை. சமையலறையிலிருந்து என் மகள் கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோயிலுக்கு எவ்வளவு நாளைக்கு ஒருமுறை போவீர்கள் என்று அடுத்துக் கேட்டாள். இங்கே கோயில் என்பது வாடகைக்கு எடுத்த ஒரு நிலவறை. மாதத்தில் ஒரு ஞாயிறு போவோம். புளியோதரை கிடைக்கும், நாலு பேரோடு தமிழ் பேசலாம். மாதம் ஒருமுறை என்றேன். சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. ஐந்து பதில்கள் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். ஐந்தையும் மறுபடி சொல்லச் சொன்னேன். "தெரியாது என்றும் ஒரு கட்டம் இருக்கிறது" என்று உதவினாள். அதுவும் சரியாகப் படவில்லை.

என் மனைவி மல்லிகா துணி மடித்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "எனக்கு உண்டுனு போட்டுக்கச் சொல்லுங்க" என்றாள். பதினைந்து வயது கவிதா ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே வந்தாள். "எனக்கு எதிலயும் நம்பிக்கை இல்ல" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு என் அக்கா இறந்த நாள். வீட்டில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை.

2

அக்காவின் பெயர் தனகோட்டி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கிராமம், கொஞ்சம் நெல், கொஞ்சம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அக்கா எனக்குச் சோறு போட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள், தப்பு செய்தால் விளக்குமாற்றால் அடித்தாள். அவளைத் திருவண்ணாமலையில் தேரடித் தெருவில் கட்டிக்கொடுத்தோம். மாமாவுக்குக் கோபுரத்துக்கு எதிரில் தேங்காய், பழம், கற்பூரம் விற்கிற கடை. சாமி கும்பிட வருகிறவர்கள் இருக்கும்வரை சோற்றுக்குக் கஷ்டமில்லை என்று நைனா சொன்னார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம்.

பல வருடம் அவளுக்குக் குழந்தை இல்லை. மாமியார் வாயைத் திறந்தால் அதுதான் பேச்சு. அக்கா வேண்டிக்கொண்டாள். எந்தச் சந்தேகமும் இல்லாமல், உண்மையாக வேண்டிக்கொண்டாள். அந்தக் காலத்தில் அவள் கோயிலில் நின்ற நிற்பை நான் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்தில் ஆள் வந்து இடித்தாலும் தெரியாது.

பையன் பிறந்தான். அருணாசலம் என்று பேர் வைத்தார்கள். கார்த்திகைத் தீபத்தின்போது கரும்புத் தொட்டில் தூக்கினார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு முழுக் கரும்பைச் சேர்த்துக் கட்டி, அதில் புதுச் சேலையைத் தூளியாகக் கட்டி, பிள்ளையை உள்ளே போட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு மாடவீதியைச் சுற்றி வருவது. பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் செய்கிற காணிக்கை. முன்னால் மாமா, பின்னால் அக்கா, பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நான். பையன் நாலு வீதியும் தூங்கிக்கொண்டே வந்தான். அக்கா அழுதுகொண்டே நடந்தாள். சந்தோஷத்தில் ஒரு மனுஷி அவ்வளவு அழ முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எழுபத்து நாலில் நான் கனடாவுக்கு வந்தேன். அடுத்த வருடம் மழைக்காலத்தில் எங்கள் ஜில்லாவில் மூளைக்காய்ச்சல் வந்தது. காலையில் தலைவலி என்று சொன்ன பையன் ராத்திரிக்குள் பேச்சில்லாமல் போனான். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை. வயது ஐந்து.

3

எண்பத்தொன்றில் ஊருக்கு வந்தேன். மல்லிகாவும் கவிதாவும் வேலூரில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். நான் முதலில் அக்காவைத்தான் பார்க்கப் போனேன். தெருவில் எல்லோரும் அவளைப் பற்றி ஒரே விதமாகச் சொன்னார்கள். "ஒங்க அக்கா மாதிரி பக்தி யாருக்கும் வராதுங்க. அவ்ளோ பெரிய துக்கத்துக்கு அப்புறமும் ஒரு நாள் கோயிலுக்குப் போகாம இல்ல" என்று பக்கத்துப் பூக்கடைக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் விடியும்போது அக்கா என்னைக் கிரிவலத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். அப்போதெல்லாம் கூட்டம் கம்மி. புளியமரத்து நிழலில் செம்மண் பாதை, அங்கங்கே ஒரு சாமியார், மாட்டுவண்டி. பாதி வழியில் அக்கா ஒரு லிங்கத்துக்கு முன்னால் நின்று கைகூப்பினாள். நானும் கூப்பினேன்.

"நீ நெசமா கும்பிடறியா ஏழுமல?" என்று கேட்டாள்.

"ஏன்க்கா?"

"எனக்கு இல்லடா. ஒண்ணுமே இல்ல. அவன் போன அன்னிக்கே போயிடுச்சு. கல்லுன்னா கல்லாத்தான் தெரியுது."

நான் திகைத்துப் போய், "அப்புறம் எதுக்குக்கா தெனம் கோயிலுக்கு வர்ற?" என்றேன்.

"வேற எங்க போவேன்? கடைக்குப் போறேன்னா ஏன்னு கேப்பாங்க. நைனாகிட்ட போறேன்னா மொறைப்பாங்க. கோயிலுக்குன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது. மல சுத்திட்டு வர மூணு மணி நேரம் ஆவுது. அந்த மூணு மணி நேரம் நான் என் புள்ளய நெனச்சிக்கிட்டு நடப்பேன். வீட்ல அவன் பேர எடுத்தாலே என் மாமியாருக்கு ஆவாது. அபசகுனமாம்."

வழியில் யாரோ "தனகோட்டிம்மா, நமஸ்காரம்" என்றார்கள். அவள் நெற்றி நிறைய விபூதியோடு சிரித்தாள்.

அந்த வாரத்தில்தான் சென்சஸ் எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். நான் அங்கே இருந்தேன். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னாள். மதம் என்ற இடத்தில் வாத்தியார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதினார். கோபுரத்துக்கு எதிரில் கற்பூரம் விற்கிற வீட்டில் எதற்குக் கேட்க வேண்டும்? அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம் இருந்தது. சலுகை போய்விடும் என்று சர்ட்டிபிகேட்டில் இந்து என்றே வைத்திருந்தார்கள். கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற கருப்புச்சட்டைக்காரர் வீட்டிலும் அதையேதான் எழுதியிருப்பார்கள். எழுதுகிறவருக்கு வேண்டியது பிறந்த வீட்டின் மதம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டால்தான் சண்டை வரும்.

கடைசியில் வாத்தியார் கேட்டார்: "மருமகளுக்குப் பொறந்தது எத்தினி? இப்ப இருக்கறது எத்தினி?"

"புள்ள இல்ல சார். எழுதிக்கோங்க" என்றாள் மாமியார்.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். கையெல்லாம் அரிசி மாவு.

"ஒண்ணு பொறந்துது சார். அருணாசலம்னு பேரு."

"பேரு வேணாம்மா. பொறந்தது ஒண்ணு, இருக்கறது இல்ல. அப்படிப் போட்டுக்கறேன்."

"போட்டுக்கோங்க சார். பொறந்தது ஒண்ணுனு போட்டுக்கோங்க."

அவர் எழுதும்வரை அங்கேயே நின்றாள். வாத்தியார் படி இறங்கியதும் மாமியார் ஆரம்பித்தாள்.

4

கவிதாவுக்கு இதையெல்லாம் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான் சொன்னேன். இங்கே வளர்கிற பிள்ளைகளிடம் ஒரு கதையைச் சொல்வது எளிதில்லை. பாதி வார்த்தைகளுக்கு நின்று அர்த்தம் சொல்ல வேண்டும். காணிக்கை என்றால் என்ன, மாமியார் பேச்சை ஏன் கேட்க வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் நினைப்பதைப் பற்றி அத்தைக்கு என்ன? அவளுக்குத் தமிழ் புரியும், பேசினால் வாக்கியத்துக்குப் பாதி ஆங்கிலம்.

"நம்பலைன்னா அத்தை சொல்லிட்டு வெளிய போயிருக்கலாமே" என்றாள்.

"எங்கே போவாள்?" என்றேன்.

தமிழில் அது கேள்வி இல்லை. அவள் கேள்வியாக எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "மெட்ராஸ்?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. காலையில் ஜாம் தடவிக்கொண்டே அவள் சொன்ன அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டேன். அவள் அதைச் சொன்னதால் யாரும் அவளை வீட்டை விட்டு அனுப்பவில்லை, யாரும் அழவில்லை, அவள் ரொட்டிகூட ஆறவில்லை. அது நல்லதுதான். நல்லது என்று தெரிந்தும் கோபம் போகவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சுப்பா?" என்று கேட்டாள். மீதியையும் சொன்னேன்.

5

மாமியார் சொன்னது இதுதான். கரும்புத் தொட்டில் தூக்கிய அன்றைக்கு அக்கா வீட்டுக்குத் தூரமாக இருந்தாளாம். அதை மறைத்துவிட்டுச் சாமி காரியத்தில் தோள் கொடுத்தாளாம். அதனால்தான் சாமி கொடுத்த பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொண்டாராம். இத்தனை வருடம் கழித்து இதைக் கண்டுபிடித்ததற்குக் காரணம் இருந்தது. மாமாவுக்குத் தன் தம்பி மகளைக் கட்டிவைக்க அவள் எண்ணியிருந்தாள். ஊரே கும்பிடுகிற மருமகளைக் காரணமில்லாமல் எப்படி அனுப்புவது? வாத்தியாருக்கு முன்னால் அக்கா எதிர்த்துப் பேசியதும் அவளுக்கு வேகம் வந்துவிட்டது.

அக்கா என்னிடம் சொன்னாள்: "மூணு மாசப் புள்ள. பால் குடுத்துக்கிட்டு இருந்த ஒடம்பு. எனக்கு அப்ப ஒண்ணுமே வரலடா. அந்தம்மாவுக்கே தெரியும்."

தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். தெருக்கோடி அம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கிராமத்திலிருந்து நைனா பஸ்ஸில் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி. வழியெல்லாம் அம்மனை வேண்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.

கல்மேல் கற்பூரம் ஏற்றினார்கள். முதலில் மாமியார் போனாள். தூரத்துணியைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் சொல்லி, ஓங்கி ஒரே அடியில் அணைத்தாள். அவள் தினமும் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போகிறவள். எல்லா விரதமும் இருக்கிறவள். யார் வந்து கேட்டாலும் நம்புகிறேன் என்று சொல்லியிருப்பாள். பொய்யில்லை, நம்பத்தான் செய்தாள்.

மறுபடி கற்பூரம் ஏற்றினார்கள். அக்கா போய் முன்னால் நின்றாள். கையைத் தூக்கவில்லை.

"அடிம்மா" என்றார் ஒரு பெரியவர்.

"அடிக்க மாட்டேன்."

"பயமா?"

"பயம் இல்ல."

"பின்ன இன்னா?"

"அடிக்க மாட்டேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அக்கா தோளைத் தொட்டார். "தனகோட்டி, ஒன் மேல தப்பு இல்லனு எனக்குத் தெரியும்மா. அடிச்சிடும்மா. எனக்காக அடிச்சிடு" என்றார். குரல் உடைந்துவிட்டது. அக்கா அவரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் கையைத் தூக்கவில்லை. கற்பூரம் தானாக எரிந்து அணையும்வரை அப்படியே நின்றாள்.

அவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை. பூக்கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் அக்காவின் டிரங்குப் பெட்டி வெளியே வந்தது.

பஸ்ஸில் நைனா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நானும் அக்காவும் பின்னால். "இத்தினி வருஷமா நம்பாமயே கும்பிட்டியேக்கா. ஒரு தடவ அடிச்சிருந்தா இன்னா?" என்று கேட்டேன்.

"கும்பிட்டது எனக்கோசரம். இது அவன் பேர்ல ஆச்சே" என்றாள். கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள்: "நான் அடிச்சேன்னா இன்னா அர்த்தம்? என் மேல தப்பு இல்ல, அதனால சாமி வேற எதுக்கோ எடுத்துக்கிச்சுனு அர்த்தம். யாரும் எடுத்துக்கலடா. காச்சல் வந்துது. செத்துட்டான். அத மாத்திச் சொல்ல எனக்கு மனசு வரல."

வேங்கிக்கால் தாண்டி வெளியே வயல் தெரிந்ததும், "நைனாகிட்ட மட்டும் இத சொல்லிடாத. அந்த மனுஷன் சாமிய நம்பித்தான் நடமாடிக்கிட்டு இருக்காரு. அதுவும் இல்லன்னா விழுந்துடுவாரு" என்றாள்.

6

மாமா அந்த வருடமே மறுகல்யாணம் செய்துகொண்டார். அக்கா கிராமத்தில் நைனாவோடு இருந்தாள். களை எடுத்தாள், மாட்டைப் பார்த்துக்கொண்டாள். அங்கேயும் சத்தியத்துக்குப் பயந்தவள் என்ற பேர் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. நான் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவள் சாமி படத்துக்கு விளக்கேற்றி, பாட்டு முணுமுணுத்து, நைனாவுக்கு விபூதி எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தேன். அவர் பயபக்தியோடு வாங்கிப் பூசிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "நான் போனா எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம் ஏழுமல. சடங்கு, மந்திரம் ஒண்ணும் வேணாம். நீ பக்கத்துல இருந்தா போதும்."

நான் பக்கத்தில் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் மஞ்சள் காமாலை முற்றிப்போய் அவள் இறந்தாள். தந்தி வந்தபோது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. புதுப்பிக்க அனுப்பியிருந்தேன், பெயரும் அப்பா பெயரும் இடம் மாறியிருக்கிறது என்று எங்கேயோ நிறுத்தி வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய் என் சகோதரி இறந்துவிட்டாள் என்றேன். கவுண்டரில் இருந்தவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

ஊரில் அரிசி மில்லில் மட்டும்தான் போன். டிரங்க் கால் போட்டு, ஆள் அனுப்பி, நைனா வந்து சேரக் காத்திருந்தேன். எனக்குக் காலை, அங்கே சாயங்காலம். லைனில் கடல் மாதிரி இரைச்சல். நான் சொல்வது எனக்கே திரும்பக் கேட்டது.

"எல்லாம் நல்லபடியா செஞ்சிட்டோம்பா. ஐயரை வச்சி மந்திரம் சொல்லி, ஒண்ணு விடல. அவ ஆசப்பட்ட மாதிரியே" என்று நைனா கத்தினார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். முடியவில்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் தாங்கவில்லை.

"நைனா, அக்கா அதுக்கு ஆசப்படல."

"கேக்கல. சத்தமா சொல்லு."

"அக்காவுக்கு நம்பிக்கை இல்ல நைனா! அருணாசலம் போனதுல இருந்தே இல்ல! ஒங்களுக்காகத்தான் வெளக்கு ஏத்துனா!"

அடுத்த வீட்டுக்காரர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். பேசிய மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரைச்சல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"எனக்கு மட்டும் இருந்துதா?" என்றார். இப்போது அவர் கத்தவில்லை, ஆனாலும் தெளிவாகக் கேட்டது. "அந்தக் கோயில்ல, அந்தப் பொம்பள பொய்ச் சத்தியம் பண்ணிட்டு நல்லா நின்னுக்கிட்டு இருந்தாளே, அன்னிக்கே எனக்குப் போச்சுடா. எம் பொண்ணு தெனம் வெளக்கு ஏத்துறாளே, அவளாவது நம்பிக்கிட்டு இருக்கட்டும், நாம கெடுக்கக் கூடாதுனு கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு வருடம். ஒரே வீடு. ஒரே விளக்கு.

"நைனா..."

"சரிப்பா. இருட்டப் போவுது. நான் போய் வெளக்கு வைக்கணும்."

"இப்ப யாருக்கு நைனா?"

மில்லில் யாரோ மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. அவர் கொஞ்சம் தொண்டையைச் செருமினார்.

"வெளக்கு இல்லன்னா பக்கத்து வூட்ல வந்து ஏன்னு கேப்பாங்கப்பா" என்றார்.